நாற்பது இடது கைகள்

துணியை விரித்தபோதே தப்பு நடந்துவிட்டது. ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் துணி அது. பளபளப்பும் பளபளப்பும் முகத்தோடு முகம் பார்க்க அடுக்க வேண்டியதை, எல்லா மடிப்பிலும் அது மேலே பார்க்கும்படி அடுக்கிவிட்டார் கட்டிங் மாஸ்டர். இருபது சட்டைக்கான நாற்பது கைகளும் இடது கைகளாக வந்து விழுந்தன.

கை தைக்கும் அக்கா அதைக் கண்டு வாய் திறப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"வலது கையெல்லாம் எங்கம்மா?"

"எனக்கு வந்ததே இதுதான் சார்."

"அப்ப கைக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? நாளையிலேருந்து நீ வர வேணாம்!"

குரல் ஏறியதும் மாஸ்டரின் கை தானாக இடது காதைப் பொத்தியது. வயது நாற்பத்தாறு. கைக்கு மட்டும் இன்னும் ஏழு.

அவர் வளர்ந்த வீட்டில் ஒத்துக்கொண்டவனுக்குத்தான் அடி. கண்ணாடித் தம்ளரை உடைத்தது நான்தான் என்று அப்பாவிடம் சொன்ன நாளிலிருந்து அந்தக் காது பாதிதான் கேட்கிறது. அடுத்த வருஷம் தட்டை உடைத்தபோது தங்கையைக் கை காட்டினான். அவள்மேல் விழுந்த அறை இவனது நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. அழாமல், கவுனின் சுருக்கத்தை நீவிக்கொண்டே நின்றாள்.

இப்போது அக்காவும் நீவிக்கொண்டிருந்தாள், வேலைக்காகாத கைகளை ஒவ்வொன்றாக. யார் வெட்டியது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மாஸ்டர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மனைவியின் வற்புறுத்தலில் மூன்று மாதமாக ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வருகிறார். "பயம் வந்தா உள்ளங்காலைத் தரையில அழுத்துங்க. எங்க நிக்கிறீங்கன்னு உங்களுக்கே சொல்லுங்க" என்பார் அந்த அம்மா. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தார்.

அழுத்தினார். இது மேஜை. இது கத்தரிக்கோல். இவர் மேனேஜர். அப்பா இல்லை.

"சார், தப்பா அடுக்கினது நான். அக்கா மேல ஒண்ணும் இல்ல."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கை மறுபடியும் காதுக்குப் போயிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன மாஸ்டர், காது வலியா?"

"இல்ல சார்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? துணி மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வெட்டுங்க. இந்தத் தடவை வலது கையா."

அவ்வளவுதான். அடி விழவில்லை. கையைத் தானே கீழே இறக்கினார், கனமாக இருந்தது.

"அக்கா, அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு நின்னுட்டேன்."

"பத்து நிமிஷம் மாஸ்டர்." அவள் நிமிரவில்லை. "சீக்கிரம் வெட்டிக் குடுங்க."

மதியத்துக்குள் வலது கை இருபதையும் வெட்டிக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து தங்கையின் நம்பரை எடுத்தார். நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசும் நம்பர். தட்டு உடைந்து முப்பத்தெட்டு வருஷம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

போனை நல்ல காதில் வைத்துக்கொண்டார்.

"என்னண்ணா, இந்த நேரத்துல? யாருக்கு என்ன?"

உள்ளங்காலைப் படியில் அழுத்தினார்.