ஒரே மாதிரி நான்கு வாசல்

போன் வந்தபோது அவன் ஒரு கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் காகிதத்தில் மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தான்.

"சார், நீங்க கட்டின வீட்லதான் குடியிருக்கேன்" என்றது நிதானமான ஒரு குரல். "ஒரு தடவை வந்து என் வீட்டைக் கண்டுபிடிச்சுக் காட்டுங்க."

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். பேசியவர் பஸ் டிரைவர். சி பிளாக், மூன்றாவது மாடி, இடது பக்க வீடு. போன வாரம் அவர் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏ பிளாக்கில் ஏறினார்கள், பிறகு டி பிளாக்கில். மூன்றாவதாகத்தான் சரியான கதவைத் தட்டினார்கள். ஒன்பது நிமிஷம் அதிலேயே போயிருக்கிறது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அந்த அம்மா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சண்டை போடக் கூப்பிடல சார். வந்து பாருங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அக்காவும் தம்பியுமாக நடத்தும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் அது. வீடுகள் தம்பியின் பாடு. பூங்கா, நூலகச் சுவர், பாலத்தடி என்று பொது இடங்களில் நிற்கும் சிற்ப வேலைகள் அக்காவின் பாடு. அக்கா வாய்க்கு வாய் 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டதில் மேஸ்திரிகளுக்கும் ஒட்டிக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதில் அவன் 'தம்பி சார்' ஆகியிருந்தான்.

அந்தக் குடியிருப்பு அவனுடைய பெருமை. நடுவில் முற்றம், அதைச் சுற்றி நான்கு பிளாக், பிளாக்குக்குப் பதினாறு வீடு. நான்கு வாசலிலும் அதே சாம்பல் நிறக் கதவு, அதே விளக்கு. ஏ, பி, சி, டி என்கிற எழுத்துகள்கூட அதே சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. வரைபடம் போடும் காலத்திலேயே அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு வாசல்லயும் ஒண்ணொண்ணு நான் செஞ்சு தரேன்டா. மூஞ்சி வேணும்டா வாசலுக்கு." அவன் மசியவில்லை. அவர்கள் சின்ன வயதில் குடியிருந்த கட்டடத்தில் முன்வாசல்காரர்கள், பின்வாசல்காரர்கள் என்று இரண்டு ஜாதி இருந்தது. இவர்கள் பின்வாசல். பள்ளிக்கூடத்தில் 'பின்வாசல்' என்றே அவனைக் கூப்பிட்டார்கள். தான் கட்டும் வீட்டில் ஒரு வாசல் உசத்தி, ஒரு வாசல் மட்டம் என்று யாரும் பேசக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டவன் அவன். கடைசியில் அக்காவுக்கு முற்றத்தின் நடுவே இடம் கொடுத்தான். நடு என்றால் எல்லாருக்கும் பொது. அவளும் முணுமுணுத்துக்கொண்டே அங்கே அலைபோல வளைந்து வளைந்து போகும் நீளமான பெஞ்சு ஒன்றைச் சிமெண்டில் வார்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவன் பஸ்ஸில் போனான். காரில் போனால் முன் கேட். பஸ் ஸ்டாப்பில் இறங்கி நடந்தால் பின் கேட். குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் புழங்குவது பின் கேட்டில்தான் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முற்றத்தில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தான். தான் போட்ட கணக்கு, தனக்குத் தெரியாதா? நேராக நடந்து மூன்று மாடி ஏறி இடது பக்கக் கதவின் மணியை அழுத்தினான்.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு பெரியவர் திறந்தார். "சி பிளாக்கா? இது ஏ. எதிர்ல போங்க." ஒரு நிமிஷம் யோசித்தார். "எதிர்லன்னா... இருங்க, எனக்கே குழம்புது."

இறங்கி எதிரே போய் ஏறினான். அங்கே ஓர் அம்மாள் கையில் கரண்டியோடு கதவைத் திறந்து, அவன் வாயைத் திறக்கும் முன்பே "இது டி பிளாக்குங்க" என்றாள். "பரவால்ல, தினம் ரெண்டு பேராவது வராங்க. போன மாசம் ஒருத்தர் வேலை முடிஞ்சு வந்து, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு எங்க சோபால படுத்துட்டார். என்னைப் பார்த்துட்டு, நீ யாரும்மான்னு என்னையே கேக்கறார்!"

மூன்றாவது முறை ஏறும்போது மூச்சு வாங்கியது. டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"பதினோரு நிமிஷம் சார்" என்றார். "ஆம்புலன்ஸ்காரங்க தேவலை."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உள்ளே டிரைவரின் மனைவி தலையணையில் சாய்ந்திருந்தார். பேச்சு இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று வந்தது. "அடையாளத்துக்கு நான் பால்கனில ஒரு சிவப்புத் துணி கட்டினேன் சார். நல்ல யோசனைன்னு பார்த்தவங்க எல்லாரும் கட்டிட்டாங்க." எட்டிப் பார்த்தான். நான்கு பிளாக்கிலும் சிவப்புத் துணி பறந்துகொண்டிருந்தது. அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. டிரைவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். 'மன்னிச்சுக்கங்க' என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்திருந்தான். அந்த இருமலுக்கு முன்னால் அது எழும்பவே இல்லை. டீயைக் குடித்துவிட்டு இறங்கினான்.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லிக்காட்டாமல் விட அவள் என்ன மூன்றாம் மனுஷியா? கால் மணி நேரம் சொல்லிக்காட்டினாள். பிறகு அவளே தணிந்து, "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்றாள்.

"பரவால்ல. நீ எதையாவது செய்க்கா. எனக்கு ஒண்ணும் ஓடல."

"நான் செய்யறது இருக்கட்டும். முதல்ல அவங்களைக் கேப்போம்."

சனிக்கிழமை காலை முற்றத்துப் பெஞ்சில் கூட்டம் கூடியது. கேட்டுப் பார்த்தால், ஜனங்கள் ஏற்கெனவே பெயர் வைத்துத்தான் புழங்கிக்கொண்டிருந்தார்கள். ஏ பிளாக் தையல் பிளாக்; கீழ் வீட்டில் ஒரு டெய்லர் இருக்கிறார். பி பிளாக் தண்ணி பிளாக். மேல்தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். டி பிளாக் நாய் பிளாக். காரணம் வாசலிலேயே படுத்திருந்தது.

"அப்ப சி?" என்று அக்கா கேட்டாள்.

"அந்த பிளாக்னு சொல்வோம்" என்றார் டெய்லர்.

சி பிளாக்காரர்களுக்கு முகம் சுண்டிப்போனது. "நாய் பேர்லகூட ஒரு பிளாக் இருக்கு, எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். தம்பி அக்காவின் காதருகே குனிந்தான். "பார்த்தியா? இதுக்குத்தான் பயந்தேன்."

"ஒரே கதவைப் போட்டப்பவும் அவங்க 'அந்த பிளாக்'தானேடா?" என்றாள் அக்கா.

அக்கா வேலையில் இறங்கினாள். வாசலை ஒட்டிய சுவரில் ஆள் உயரத்துக்கு, தொட்டாலே தெரியும்படி சிமெண்ட் புடைப்பு. பார்வை மங்கியவர்களும் தடவிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஏ வாசலில் தையல் மெஷின் சக்கரம். பி வாசலில் மேலிருந்து வழிந்து தரைவரை ஓடும் நீல ஓட்டுச் சில்லு. டி வாசலில் நாய், ஒரு காது மட்டும் நிமிர்ந்து. நிஜ நாய் அதைப் பார்த்து இரண்டு நாள் குரைத்தது.

சி பிளாக்குக்கு மூன்று சனிக்கிழமை பேசியும் முடிவு வரவில்லை. சூரியன் என்றார்கள், பஸ் என்றார்கள். பஸ் என்றால் டிரைவருக்கு மட்டும்தானா பிளாக் என்று, அங்கேயே குடியிருந்த ஒரு நர்ஸின் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. நாலாவது சனிக்கிழமை அக்காவும் தம்பியும் போய் இறங்கியபோது சி வாசலின் கதவு, நிலை, அதைச் சுற்றியிருந்த சுவர் எல்லாம் மஞ்சளாக நின்றது. மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை. தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறிக்கிற மஞ்சள். டிரைவர் பிரஷ்ஷும் கையுமாக நின்றார். அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்களே முடிச்சுட்டோம்மா" என்றார் அந்த அம்மா, அக்காவைப் பார்த்து. "கோவிச்சுக்காதீங்க. இனிமே மஞ்ச பிளாக்."

தம்பி அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தான். அந்தச் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க அவன் பதினேழு அட்டைகளை வெயிலில் வைத்துப் பார்த்தவன். அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இதுக்கு மேல நான் என்னத்தைச் செய்யறது? பிரமாதம்" என்றாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவனுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் டிரைவரிடமிருந்து இன்னொரு பிரஷ்ஷை வாங்கி, நிலைக்கு மேலே அவருக்கு எட்டாத இடத்தை அடித்துக் கொடுத்தான். கையெல்லாம் மஞ்சள்.

அடுத்த வாரம் அவனே ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டு, ஓய்வில் இருந்த இரண்டு பேரைக் காலி ஸ்ட்ரெச்சரோடு கூட்டிவந்தான். "மஞ்ச பிளாக், மூணாவது மாடி, இடது" என்று மட்டும் சொன்னான். பின் கேட்டிலிருந்து டிரைவர் வீட்டுக் கதவுவரை இரண்டு நிமிஷம் ஆகவில்லை. திரும்பத் திரும்ப மூன்று முறை ஏறச் சொன்னதில் அவர்களுக்குத்தான் அலுத்துப்போனது.

அந்த வருஷம் குடியிருப்புகளுக்கான ஒரு பரிசுக்கு அவர்கள் விண்ணப்பித்தார்கள். படம் எடுக்க வந்தவர் முற்றத்தில் நின்று காமிராவை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "இந்த மஞ்சளை மட்டும் விட்டுடலாமா சார்? ஃப்ரேமையே கெடுக்குது" என்றார்.

அவன் மஞ்சள் வாசலைப் பார்த்தான். இன்னமும் பிடிக்கவில்லை.

"நாலும் வரணும்" என்றான். "கொஞ்சம் பின்னாடி போய் எடுங்க."

பரிசு வேறு யாருக்கோ போனது. படத்தைப் பெரிதாக்கி ஐந்து பிரதி போட்டார்கள். ஒன்று ஆம்புலன்ஸ் நிலையத்துச் சுவருக்குப் போனது. மற்ற நான்கை வாசலுக்கு ஒன்றாகக் கொடுக்க, அக்கா தானே பஸ் பிடித்துப் போனாள்.