சமீனாவின் லீவு

சமீனாவின் மகன் அப்சலுக்குப் பதினேழு வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் கையும் காலும் அவன் சொன்னபடி கேட்காது. நடக்க முடியாது. வாயில் வருவது சில சொற்கள்தான். ஆனால் யார் என்ன பேசினாலும் புரிந்துகொள்வான். வேடிக்கையாக ஏதாவது சொன்னால் வீட்டில் முதலில் சிரிக்கிறவன் அவன்தான்.

உத்தமபாளையத்தில் அவர்கள் வீடு பள்ளிவாசலுக்குப் பின்தெருவில். அவனைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, தூக்கத்தில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே சமீனாதான். தங்கை பெனாசிர் கல்யாணத்துக்குக்கூட நிக்காஹ் முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடி வந்தவள். விருந்துச் சாப்பாடு பின்னால் தூக்குவாளியில் வந்து சேர்ந்தது.

“அவ இல்லாம எம்மகன் ஒரு வாய் சாப்பிட மாட்டான்” என்று அவள் கணவர் ராஜா முகம்மது வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சொட்டுநீர்க் குழாய்கள் விற்கும் கடை வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்ததும் மகன் பக்கத்தில் படுத்து ஊர்க்கதை எல்லாம் சொல்லுவார். அவன் மேல் அத்தனை பிரியம். ஆனால் ஊட்டவோ குளிப்பாட்டவோ அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

கணவர் அப்படிச் சொல்லும்போது சமீனாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக அந்தப் பேச்சு தொடங்கினாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த ஆனி மாதத்தில் ஒருநாள், மத்தியானச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்சல் துப்பினான். மறுபடி ஊட்டினாள். மறுபடி துப்பினான். அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, வழிகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே அவன் “ம்மா, ம்மா” என்று கூப்பிடுவது நன்றாகவே கேட்டது. போக வேண்டும் என்று தோன்றவில்லை. கால் அசையவில்லை. அவன் குரல் அழுகையானது. அப்போதும் நின்றாள்.

சத்தம் கேட்டு வந்தது பக்கத்து வீட்டு உமாதேவி. அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அப்சலின் வாயைத் துடைத்து, சமாதானப்படுத்தி, நாலு வாய் ஊட்டிவிட்டுத்தான் கொல்லைப்பக்கம் வந்தாள். குழாயை மூடினாள்.

“என்னக்கா ஆச்சு?”

“அவன் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு உமா. நான் போகல.” சமீனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பெத்தவ செய்யிற காரியமா இது?”

“அசந்து போனவ செய்யிற காரியம்” என்றாள் உமாதேவி. “நான் அங்கன்வாடியில வேல பாக்கிறேன். காய்ச்சல்னா லீவு, விசேஷம்னா லீவு. ஞாயித்துக்கிழம பூட்டிட்டு வந்துர்றேன். நீ என்னைக்குக்கா லீவு போட்ட?”

“பிள்ளைக்கிட்ட போயி யாராச்சும் லீவு போடுவாகளா?”

“போடலைன்னா இப்படித்தான் குழாயடியில நிக்கணும்.”

அன்று மாலை உமாதேவி கடைக்கே போய் ராஜா முகம்மதுவிடம் பேசிவிட்டாள். அவர் கடையை முன்னதாகவே அடைத்தார். வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போல மகன் பக்கத்தில் படுக்காமல் அடுப்படிக்கு வந்து நின்றார்.

“லோயர் கேம்ப்புக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயி இரு. நான் பாத்துக்கிறேன்.”

“உங்களால முடியாதுங்க.”

“முடியாதுதான். அதான் நீ போகணும். நீ இங்கன இருந்தா எனக்கு எப்பவுமே முடியாது.”

மறுநாள் காலையில் சமீனா பஸ் ஏறினாள். மடியில் பை இருந்தது. கை சும்மா இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கம்பம் வருவதற்குள்ளேயே இரண்டு தடவை வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பெனாசிரின் கணவர் மின் நிலையத்தில் வேலை பார்த்ததால் அவர்களுக்கு லோயர் கேம்ப்பில் குவார்ட்டர்ஸ் வீடு. அக்காவைப் பார்த்ததும் பெனாசிர் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சூடாகத் தோசை வார்த்துப் போட்டாள். சமீனா பாதி மென்றும் மெல்லாமலும் விழுங்கினாள்.

“யாருக்கா வரப்போறா? மெதுவாச் சாப்பிடு.”

சமீனா கையை நிறுத்தித் தட்டைப் பார்த்தாள். தான் இப்படித்தான் சாப்பிடுகிறோம் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அடுத்த தோசையைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, நிதானமாகச் சாப்பிட்டாள். சட்னியில் பூண்டு தூக்கலாக இருந்தது.

மத்தியானம் போன் வந்தது. ராஜா முகம்மதுவின் குரல் இறங்கியிருந்தது.

“துப்புறான் சமீனா. என் சட்டையெல்லாம் சோறு.”

“கரண்டிய நேரா விடாதீக. கன்னத்துப் பக்கமா விட்டு, அவன் முழுங்குறவரைக்கும் பொறுங்க. நான் வேணா கெளம்பி வந்துரவா?”

“வந்தீன்னா வாசக்கதவைப் பூட்டிருவேன்” என்றார் அவர். பின்னால் அப்சல் கெக்கெக்கென்று சிரிப்பது கேட்டது. பெனாசிர் போனை வாங்கித் தன் பீரோவில் வைத்துவிட்டாள்.

அன்றைக்கு சமீனா படுத்தவள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. கை தானாகப் பக்கத்தில் துழாவியது. பிள்ளை இல்லை என்றதும் திடுக்கிட்டு உட்கார்ந்தாள். பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. அப்படியே மறுபடியும் படுத்துக்கொண்டாள். வலது தோளில் நாள்பட்ட வலி ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கவனிக்கவே அவளுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது. பெனாசிர் தைலம் தேய்த்துவிட்டாள்.

“அழுறியாக்கா?”

“தெரியல. வருது.”

“வரட்டும். யாருமில்ல.”

சாயங்காலங்களில் அக்காவும் தங்கையும் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. குமுளியிலிருந்து இறங்குகிற ஜீப்புகளில் ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்த பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு ஜீப்பில் எவளோ சொன்ன பதிலுக்கு மொத்த ஜீப்பும் சிரித்தது. என்ன பேச்சென்று தெரியாமலேயே சமீனாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, பிள்ளையை விட்டுவிட்டு வந்து இங்கே சிரிக்கிறோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது. அதைத் தங்கையிடம் சொன்னாள்.

“அப்சலு உன்ன சிரிக்காம இருக்கச் சொன்னானா?” என்றாள் பெனாசிர். “அவனுக்குத்தான்க்கா உன் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும். நீதான் கொடுக்கிறதில்ல.”

சமீனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். குழாயடியில் நின்ற நாளில் மரத்துப்போயிருந்த ஏதோ ஒன்று உள்ளே இளகுவது போலிருந்தது. மகனுக்கு ஊட்ட வேண்டும் என்று கைக்கு ஆசை வந்தது. கடமையாக இல்லாமல் அந்த ஆசை வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வார முடிவில் அவள் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. பதறிப்போய் உமாதேவியைக் கூப்பிட்டாள். உமாதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கடையில போயிப் பாருக்கா.”

கடை வாசலில், குழாய்ச் சுருள்களுக்கு நடுவே, சக்கர நாற்காலியில் அப்சல் உட்கார்ந்திருந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தலை மட்டும் கோணல் வகிடு. மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த வாழைத்தோட்டக்காரர் ஒருவர் மோட்டார் ரிப்பேரான கதையை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். ராஜா முகம்மது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். ஒருமாதிரி இளைத்திருந்தார்.

“வீட்டுல வச்சுச் சமாளிக்க முடியல. இங்கன கூட்டியாந்தேன். வந்து உக்காந்தவன் வீட்டுக்கு வரமாட்டேங்கிறான்.” குரலைத் தாழ்த்தினார். “அவனத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே போச்சு. எப்படிம்மா இத்தன வருஷம் செஞ்ச? ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீங்க பெருமையாச் சொல்லிட்டு இருந்தீகளே. எப்படிச் சொல்றது?”

சமீனா மகன் முன்னால் குந்தி உட்கார்ந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். “தங்கம், அம்மாவத் தேடுனியா?”

அவன் அவளை உற்றுப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பானது. கஷ்டப்பட்டு வாயைக் கூட்டிச் சொன்னான்: “ம்மா… கடை.” பிறகு, “நீ… போ. திரும்ப… போ.”

சமீனாவுக்கு ஒரு நொடி முகம் வாடிப்போனது. வாழைத்தோட்டக்காரர் சங்கடத்தோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜா முகம்மது பேச வாயெடுத்தார். அதற்குள் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அவனுக்கும் லீவு தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் தன்னிடமிருந்து, என்பது புரிந்ததும் சிரிப்பை அவளால் நிறுத்த முடியவில்லை. அவளைப் பார்த்து அப்சல் அதைவிடப் பெரிதாகச் சிரித்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டாள்.

இப்போது வாரத்தில் சில நாள் அப்சல் கடைக்குப் போகிறான். வாடிக்கையாளர்கள் அவனை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். சில நாள் ஊட்டுவது அவன் அத்தா ராஜா முகம்மதுவின் முறை. சோறு இன்னும் சட்டையில்தான் பாதி போகிறது. சமீனாவுக்குக் கோபம் வராமல் இல்லை. வந்தால் சொல்லிவிடுகிறாள், “இன்னைக்கு என்னால ஆகாது” என்று. சொன்னதும் யாராவது எழுந்து வருகிறார்கள்.

போன மாதம் அவள் மறுபடியும் லோயர் கேம்ப்புக்குக் கிளம்பினாள். வழியனுப்ப அப்பாவும் மகனும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். சமீனா மருந்து, சோறு, போர்வை என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்சல் பொறுமையிழந்து நாற்காலியில் நெளிந்தான்.

“ம்மா… பஸ்” என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலோர இடம் கிடைத்தது.