கடல்வல்லியின் கடைசி அத்தியாயம்

தொடர்கதையைப் புத்தகமாக்குவது பெரிய வித்தை இல்லை. பத்திரிகையின் நடுவில் இருக்கும் இரண்டு கம்பிப் பின்களை முதலில் நிமிர்த்தி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தாள் கிழியும். கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து, வார வரிசையில் அடுக்கி, தட்டிச் சமப்படுத்தி, இடது ஓரத்தில் குத்தூசியால் ஐந்து துளை போட வேண்டும். ஒரே நூலை அந்த ஐந்திலும் உள்ளும் வெளியுமாக ஓட்டி முடிச்சுப் போட்டால் முதுகு தயார். அட்டை ஒட்டும் மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. எல்லாம் காய்ந்த பின், இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, மற்ற மூன்று ஓரங்களையும் கத்தியால் சீவிவிட வேண்டும். சீவாத புத்தகம் தலை வாராத பிள்ளை மாதிரி இருக்கும்.

அந்தச் சீவலில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பாலக்கரையில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் மாதர் வாசகசாலை இருந்தது. செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் சார். அறையைக் கொடுத்தவர் அவர். ஆகவே மாதர் வாசகசாலைக்கு அவர் செயலாளர். புத்தகங்களைத் தைத்துக் கட்டுவது, கொடுத்து வாங்குவது, சாவி வைத்திருப்பது என் வேலை. அந்தச் சாவி என் இடுப்பில் இருந்த ஆறு வருஷத்தில், 'அக்னஸ் எங்கே' என்று யார் கேட்டாலும் 'வாசகசாலையில்' என்று பதில் வரும். அதற்கு முன்னால் 'அடுப்படியில்' என்று வந்துகொண்டிருந்தது.

எங்கள் வாசகர்கள் தொடர்கதையை வாராவாரம் படிப்பதில்லை. வாராவாரம் வர வீட்டில் விடமாட்டார்கள். நான் கட்டி முடித்ததும் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் படிப்பார்கள். படிக்கும்போது சும்மா இருக்க மாட்டார்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்கள். 'அசிங்கம், அசிங்கம்' என்று சார் கத்தினார். எழுதுகிற கையை நிறுத்த முடியாது, எழுதும் இடத்தை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஆறு வெள்ளைத் தாள் சேர்த்துத் தைத்தேன். மேலே 'கருத்துத் தாள்' என்று எழுதினேன். ஓரங்கள் சுத்தமாயின.

அப்படிக் கட்டியதுதான் கடல்வல்லியின் கதை. அறுபத்திரண்டு ஐப்பசி வரை ஒரு வருஷம் ஓடிய தொடர். வெள்ளத்தை அடக்க ஆற்றுக்குப் பலி கொடுக்கப்பட்ட அரசகுமாரியைப் பற்றி ஊரில் ஒரு பழங்கதை உண்டு; அதில் அவள் போனவள் போனவள்தான். இந்தத் தொடரில் அவள் ஆற்றோடு கடலுக்குப் போய், ஒரு யாளியின் மேல் ஏறித் திரும்பி வருகிறாள். மதகுகளைத் தானே நின்று திறந்து வெள்ளத்தை வடிய விடுகிறாள். ஐம்பத்தோராவது அத்தியாயத்தில் சிங்காசனத்தில் அமர்ந்து, தன்னைப் பலி கொடுத்துவிட்டு இப்போது கைகட்டி நிற்கும் அப்பாவிடம், "இனி இந்த ஆற்றுக்கு ஆள் கொடுக்க மாட்டோம்" என்கிறாள். அதோடு கதை முடிந்தது.

கருத்துத் தாள் ஆறும் நிரம்பி, இன்னும் ஆறு ஒட்டினேன். சுராயா எழுதியிருந்தாள்: 'அழும்போதும் யாளியை விட்டு இறங்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.' அதன் கீழே யாரோ: 'பெண்ணுக்கு இவ்வளவு வாய் ஆகாது.' அதன் கீழே: 'யார் இது? பெயர் போடவும்.' அதற்குப் பதில்: 'போட முடியாது. நான் ஒரு உறுப்பினரின் கணவர்.' முசிறியிலிருந்து பஸ்ஸில் வாழையிலைக் கட்டோடு வரும் பொன்னுத்தாய்க்கு எழுதத் தெரியாது. டைப்பிஸ்ட் பேட்ரிசியா படிக்கக் கேட்டுவிட்டு, தான் சொல்லச் சொல்லப் பேட்ரிசியாவையே எழுத வைத்தாள்: 'மதகுப் பலகைய ஒரே ஆளு தூக்க முடியாது. ஆனா அவ தூக்குனா நான் நம்புறேன்.'

ஆடி மாதத்தில் கோமளவல்லி டீச்சர் ஒரு தடித்த மலரோடு மாடியேறி வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைப் பள்ளி ஒன்றுக்குச் சம்ஸ்கிருதம் நடத்த வருகிறவர்.

"அக்னஸ், கதை முடியவே இல்லையே! முடிவு தீபாவளி மலர்ல வந்திருக்கு. எங்காத்துப் பரண்ல கிடந்தது."

நம்பாமல், வெட்டுத் துண்டுகள் போட்டு வைக்கும் சாக்கைக் கொட்டினேன். ஒரு விரல் அகலத் துண்டில் பொடி எழுத்தில் இருந்தது: 'முடிவு தீபாவளி மலரில்.' பக்கத்தின் அடியோரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் சீவிவிட்டேன். மலர் சந்தாவில் சேராது, ஆகவே எங்களுக்கு வரவும் இல்லை.

பேட்ரிசியா மலரை வாங்கி உரக்கப் படித்தாள். கடல்வல்லி சிங்காசனத்தைச் சேனாதிபதியிடம் ஒப்படைத்து, அவனுக்கு மாலையிட்டு, அந்தப்புரத்துக்குப் போகிறாள். யாளி வாசலில் கல்லாகிவிடுகிறது.

"யாளி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள் பொன்னுத்தாய்.

ஸ்தனிஸ்லாஸ் சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா? ஒழுங்காதான் முடிச்சிருக்காரு. எட்டு மாசமா அரைக்கதையப் படிச்சுட்டு ஆளாளுக்கு ஆடியிருக்கீங்க. அக்னஸ், ஞாயித்துக்கிழமைக்குள்ள இத புத்தகத்துல சேத்துத் தை. அந்தக் கருத்துத் தாளெல்லாம் பிச்சுப் போடு. இல்லைன்னா சாவியக் குடுத்துடு."

"சார், அக்கா தெரிஞ்சா செஞ்சாங்க?" என்றாள் பேட்ரிசியா.

"தெரியாம செஞ்சத இப்பத் தெரிஞ்சு திருத்தட்டும்."

அவர் இறங்கிப் போனதும் பேட்ரிசியா, "சேக்காதீங்கக்கா. மலரக் காவேரில போடுங்க" என்றாள்.

"அது தப்பு," என்றார் டீச்சர். "எழுதினவர் எழுதினது இருக்கணுமோன்னோ? பிடிக்கலைன்னு மறைச்சா நமக்கும் அந்த அப்பாவுக்கும் என்ன வித்தியாசம்? ஆத்துல போடறதுங்கறது அவா பழக்கம்."

டீச்சர் சொன்னது சரி. சாரின் உத்தரவிலும் பாதி சரி. மறுபாதியைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். சாவியைக் கொடுத்தால் இந்தப் புத்தகம் போகும், அடுத்து வருகிறவற்றின் கருத்துத் தாளும் போகும். கொடுக்காமலிருக்க வேண்டுமானால் அவர் சொன்னபடி பிய்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை நூலைப் பிரித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து சார் வந்தபோது எல்லாரும் இருந்தார்கள். புத்தகத்தைத் திறந்தார். ஐம்பத்தோராவது அத்தியாயம். அடுத்து என்ன என்று புரட்டினார்: கருத்துத் தாள். பன்னிரண்டும் அப்படியே இருந்தன. அவர் முகம் சிவந்தது.

"புரட்டுங்க சார்," என்றேன்.

பன்னிரண்டுக்கும் பின்னால் மலரின் பக்கங்கள் இருந்தன. அவற்றின் முதல் பக்கத் தலையில் சிறு சீட்டு ஒட்டியிருந்தேன்: 'இது ஆசிரியரின் கருத்து.' அதற்கும் பின்னால், பதில் எழுத, புதிதாக ஆறு வெள்ளைத் தாள்.

"என்ன வேலை இது? முடிவு கருத்தாயிடுமா?"

"எல்லாரும் கதையக் கேட்டுட்டு, என்ன நடந்திருக்கணும்னு சொன்னாங்க. அவரும் அதத்தானே சொல்றாரு. வரிசைல கடைசியா வந்தாரு, கடைசில வெச்சேன்."

"பிரிச்சு நான் சொன்ன மாதிரி தை."

"நீங்களே பிரிங்க சார். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். தனித்தனியா தைக்கல. முதல் தாள்லேர்ந்து கடைசித் தாள் வரைக்கும் அஞ்சு துளை, ஒரே நூல். ஒரு தாள உருவணும்னா நூல அறுக்கணும், அறுத்தா மொத்தமும் கையோட வந்துடும். அப்புறம் தைக்க ஆள் தேடணும்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இந்தாங்க."

அலமாரிக்குப் பக்கத்தில் கட்டப்படாத பத்திரிகைகள் இடுப்புயரம் நின்றன. சார் அதைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். டீச்சர் பென்சிலைச் சீவிக்கொண்டே, "நீங்க பாத்தாச்சுன்னா கொடுங்கோ. ஆசிரியருக்கு நான் நாலு வரி எழுதணும்" என்றார்.

"எனக்கும் ஒரு வரி. யாளிக்காக," என்றாள் பொன்னுத்தாய்.

சார் புத்தகத்தை விடவில்லை. மலரின் கடைசிப் பக்கத்துக்கு மறுபடி போனார். மலரின் தாள் வாரப் பத்திரிகையைவிட அரை அங்குலம் நீளம். ஆகவே அடியில் சீவ வேண்டியிருந்தது. யாளி கல்லாகும் வரி வரை ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. அதற்கும் கீழே, நட்டநடுவில், பெரிய எழுத்தில் 'முற்றும்' என்று அச்சாகியிருந்த இடம் இல்லை.

"மறுபடியும் பாக்காம வெட்டியிருக்கே," என்றார்.

"இல்லைங்க சார்," என்று சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "இந்தத் தடவை பாத்துதான் வெட்டினேன்."