சமையலறைக்கு வந்த மூன்றாம் பாடு

1957 அக்டோபர் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, காயலின் மூன்றாம் பாடு சிந்தா ரெவெர்தேரின் சமையலறைக்குள் வந்து சேர்ந்தது. முழங்கால் அளவு தண்ணீர், வலை கட்டும் ஏழு கம்புகள், ஒரு கொத்து நாணல், வழி தெரியாமல் கூடவே வந்துவிட்ட இரண்டு நாமக்கோழிகள் எல்லாம் அதில் அடக்கம். வாசற்கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டு வெளியே வழியவில்லை. முந்தின நாள் வரை பாடு இருந்த இடத்தில் இரண்டு களத்துமேடு அகலத்துக்கு வெறும் சேறு கிடந்தது. எப்ரோ ஆற்று முகத்தில் அந்த வாரம் நெல் அறுவடை முடிந்திருந்ததால், இரண்டு இடத்தையும் போய்ப் பார்க்க ஆட்களுக்கு நேரம் இருந்தது.

பாடு என்றால் ஒருவன் ஓராண்டுக்கு வலை கட்டும் இடம். நாற்பது பாடுகளையும் ராயப்பர் திருநாளுக்கு அடுத்த ஞாயிறன்று மீனவர் சங்கத்தில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். எண் எழுதிய மர உருண்டைகள் இருக்கும் பையில் கையை விட்டு எடுக்கும் உரிமை அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மருமகனுக்கும் போகும், பெண்டாட்டிக்குப் போகாது. சிந்தாவின் கணவன் அகுஸ்தி இடுப்பு விழுந்து ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தான். சீட்டன்று அவனை நாற்காலியோடு தூக்கிப் போவார்கள், கையை விட்டு எடுப்பான். மற்ற நாளெல்லாம் தோணி தள்ளியதும், வலை கட்டியதும், இலையுதிர் காலத்து முதல் வடமேற்குக் காற்றில் விலாங்குகள் கடலுக்குக் கிளம்பும் நேரத்தைக் கணித்ததும் சிந்தாதான். ஊருக்கே தெரியும். அந்தப் பிப்ரவரியில் அகுஸ்தி இறந்தான். ஜூலையில் அவள் வரிசையில் போய் நின்றபோது, சங்கத் தலைவர் எலியாஸ் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீ வலை கட்டுற அழகு எனக்குத் தெரியாதா தாயி? ஆனா சட்டம் ஆம்பளைக்குத்தான்னு இருக்கே."

"ஆறு வருஷமா வலைய இழுத்தது யாருன்னு விலாங்கக் கேளுங்க தலைவரே," என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். அன்று அவளுக்காக வாய் திறக்காத முப்பத்தொன்பது பேரும் கெட்டவர்கள் அல்லர். நமக்கேன் வம்பு என்று இருந்தே பழகியவர்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் பாட்டை அந்த வருஷம் எடுத்திருந்தவன் கோரி பனிசெல்லோ. சாயங்காலம் தோளில் பைவலையோடு வந்து வாசலில் தயங்கி நின்றான்.

"அக்கா, என் பாடு உங்க வீட்டுக்குள்ள இருக்கு."

"இருந்தா என்ன? சீட்டுல உனக்குத்தான வந்துச்சு. கால தொடச்சிட்டு உள்ள வா."

கோரி காலைத் துடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். பைவலையின் வால் கடல் பக்கம் இருக்க வேண்டும். வாய் அதற்கு எதிர்ப்பக்கம். சன்னலுக்கு வெளியே கடல் கிழக்கில் இருந்ததால் அவன் வாலைக் கிழக்கே கட்டினான். ஒன்பது நாள் ஒரு குஞ்சுகூட விழவில்லை. சிந்தா மேசைமேல் சம்மணம் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டே பார்த்திருந்தாள். பத்தாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை.

"இங்க கடல் அடுப்புப் பக்கம்டா, மண்டு. தண்ணி காலுல இழுக்குறது உனக்குத் தெரியலயா?"

மறுநாள் காலை வலையில் பதினாறு கிலோ இருந்தது.

ராத்திரி தண்ணீருக்குள் ஒரு மீன்கூடையை அமுக்கி வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று பாதிரியார்கூடச் சொல்லிப் பார்த்தார். சீட்டு எடுக்காத பாட்டில் கை வைப்பது திருட்டு என்றாள் சிந்தா. வயல் கூலிக்குப் போய் வந்து உருளைக்கிழங்கு வேகவைப்பாள். விலாங்குகள் அவள் கணுக்காலை உரசிக்கொண்டு போகும். கோரி அடுப்போரம் விட்டுப்போன இரண்டு விலாங்கை அவன் வலைக்குள்ளேயே திருப்பிப் போட்டாள். அவளுக்கு வேண்டியது மீன் இல்லை.

மூன்றாம் பாடு வந்தது வந்ததுதான், போகவில்லை. அடுத்த வருஷம் ஏழாம் பாடு படுக்கையறைக்கு வந்தது. அதற்கடுத்த வருஷம் பன்னிரண்டும் பத்தொன்பதும் கோழிக்கொட்டகைக்கு வந்தன. அவற்றை எடுத்த ஆண்பிள்ளைகள் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கடல் எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்டு வலை கட்டினார்கள். கேட்கக் கேட்க அவர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. 1960 ஜூலையில், பை அவிழ்க்கும் முன்பே கோரி எழுந்து நின்றான்.

"இப்பிடியே போனா காயல் மொத்தமும் அக்கா வீட்டுல இருக்கும். அதுக்காகச் சொல்லல. கட்டத் தெரிஞ்சவங்க வெளிய நிக்கிறாங்க, அவங்களக் கேட்டுக் கட்டுறவன் நான் உள்ள நிக்கிறேன். எனக்குச் சோறு எறங்கல தலைவரே."

எலியாஸ் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு ஆளனுப்பி அவளை வரவழைத்து, பையை நீட்டினார்.

வந்தது முப்பத்தெட்டு. வடகோடியில் பாசி மண்டிக் கிடக்கும் பாடு. அதை எடுத்தவன் எவனும் வலை நனைக்கப் போனதில்லை. அடுத்து எடுத்த கோரிக்கு நல்ல பாடாக நான்காம் எண் வந்தது. உருண்டையை அவளிடம் நீட்டினான்.

"மாத்திக்கங்க அக்கா."

"போடா. இது என் கை எடுத்தது."

முப்பத்தெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதாள். அகுஸ்தியின் அடக்கத்தன்று கூட அவள் அப்படி அழுததை யாரும் பார்த்ததில்லை.

மதியத்துக்குள் நான்கு பாடுகளும் காயலில் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தன. சிந்தா அதைப் பார்க்க வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோணியை எடுத்துக்கொண்டு வடகோடிக்குப் போய்ப் பாசி அரிக்கத் தொடங்கினாள். மூன்று வாரம் பிடித்தது.