பூக்குளத்துக்குத் தரை வழி

கற்பிட்டியில் இருந்து பூக்குளத்துக்குப் படகில் போனால் ஒரு காலைப்பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நான்தான் தரை வழியாகப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். என் கணவர் றஸ்மியைக் கொண்டுபோய் எங்கேயோ வைத்திருக்கிற கடலில் நான் காலை நனைப்பதா? அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

“கடலால போனா மத்தியானம் லுஹருக்கு முந்தித் திரும்பி வந்துரலாம் ராத்தா,” என்றான் என் தம்பி நஜாத்.

“நீ போ. நான் வரல்ல.”

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு அவன் வான் வண்டியை எடுத்தான்.

சோளகக் காற்று தொடங்கின மே மாதத்தில் றஸ்மி தனியாகத்தான் படகெடுத்துப் போனார். அவரும் வரவில்லை, படகும் வரவில்லை. ஊர் உடனே மௌத்து என்று முடிவு கட்டிவிட்டது. நான் கட்டவில்லை. அந்த மனிசன் சொன்ன நேரத்துக்கு எப்போது வீட்டுக்கு வந்திருக்கிறார்? சொந்தக் கலியாணத்துக்கே பிந்தி வந்தவர். எஞ்சின் பழுதாகி, இந்தியக் கரையில் ஒதுங்கி, பிடிபட்டு மறியலில் இருந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இவரும் எங்கேயோ குந்திக்கொண்டு யாருக்கோ கதை அளந்துகொண்டிருப்பார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சில நாளில் பூக்குளத்துக் கரையில் ஒரு மையித்து ஒதுங்கியது. பொலிஸார் காட்டிய போட்டோவில் முகம் என்று ஒன்று இல்லை. றஸ்மியின் உம்மா, என் மாமி, பார்த்தவுடன் “என்ட மகன்” என்று விழுந்தா. நான் “இது அவர் இல்ல” என்றேன். மனைவியே இல்லை என்றால் பிறகு யார் ஓம் என்பது? பெயர் தெரியாத ஆளாக அங்கேயே அடக்கிவிட்டார்கள்.

அன்றே மாமி ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினா. கணவன் மௌத்தானால் எங்களில் பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டுக்குள் ஒதுங்கி, அவருக்காக ஓதுவதும் அழுவதுமாக இருக்கிற காலம் அது. “இருங்க மகள், காலம் உங்களுக்காக நிக்காது,” என்று மாமி கெஞ்சினா. இருந்தால் அவர் மௌத்து என்று நானே என் வாயால் சொன்னதாகிவிடாதா? நான் பச்சையும் சிவப்புமாக உடுத்துக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனேன். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பட்டும் என்று இருந்தேன்.

போன கிழமைதான் கருவாட்டு யாவாரி நளீம் காக்கா அந்தக் கதையைக் கொண்டுவந்தார். “பூக்குளத்தில டயனா எண்டொரு பொம்புள பச்சை பெல்ட் ஒண்டு வெச்சிருக்கிறா மகள். பொலிஸ் போன பொறகு, மையித்தத் தூக்கின வலய உதறக்குள்ள விழுந்ததாம்.”

சாரத்துக்கு மேல் பை வைத்துத் தைத்த பச்சை பெல்ட் கட்டாத முஸ்லிம் ஆண்பிள்ளை இந்தக் கரையில் எத்தனை பேர்? ஆனால் றஸ்மியின் பெல்ட்டில் பை பிரிந்துபோயிருந்தது. சாதாரண நூல் உப்புத் தண்ணீருக்கு நிற்காது என்று, வெங்காய மூட்டையின் சிவப்பு நூலை உருவி நான்தான் தைத்துக் கொடுத்தேன். “என்ன புள்ள, என்னயும் மூட்ட கட்டி லொறியில ஏத்தப்போறியா?” என்று சிரித்தார். அந்தச் சிவப்புத் தையல் இல்லை என்று என் கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் நான் புறப்பட்டேன். நளீம் காக்காவின் போன் வெறும் பட்டன் போன், போட்டோவும் எடுக்காது. மாரி தொடங்கினால் எலுவன்குளத்தில் தாழக் கிடக்கிற சப்பாத்துப் பாலத்தைக் கலா ஓயா ஆறு மூடிவிடும். பிறகு பாதையே இல்லை.

பாலாவி உப்பளம், புத்தளம், வண்ணாத்திவில்லு என்று களப்பைச் சுற்றிக்கொண்டு போனோம். எலுவன்குளத்தில் வயல்கள் முடிந்தன. பாலத்துக்கு மேலால் ஒரு சாண் தண்ணீர் ஓடியது, வான் உருண்டு போய்விட்டது. அந்தப் பக்கம் வில்பத்துக் காடு. காவலில் நின்ற உத்தியோகத்தரிடம் நஜாத் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னான். அவர் குனிந்து என்னைப் பார்த்து, “பவ்” என்றார். பாவமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆருக்குப் பவ்? நான் ஆரையும் பறிகொடுக்கல்ல எண்டு சொல்லுடா அவருக்கு.”

“சரி ராத்தா, சொல்றன்,” என்றான். சொல்லவில்லை.

அரசர் காலத்துக் காடு. பாலை மரமும் வீரை மரமும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்க, செம்மண் தடத்தில் வான் குலுங்கிக் குலுங்கிப் போனது. என் பேச்சை மாற்ற நஜாத் ஒரு பெரிய பாலை மரத்தைக் காட்டினான். “பாருங்க, இது வெள்ளக்காரனுக்கும் முந்தின மரம்.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? எழும்பி நிண்டு ஸலாம் சொல்றதா?”

அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். கொஞ்சத் தூரத்தில் மான் கூட்டம் ஒன்று தடத்தின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. றஸ்மி இருந்திருந்தால் இதைப் பார்த்து… சீ, என்ன நினைப்பு இது. றஸ்மி வந்த பிறகு இந்தப் பாதையால் என்னைக் கூட்டிவரச் சொல்ல வேண்டும், அப்படித்தான் நினைக்க வேண்டும். மரங்களுக்கு நடுவில் கடல் திடீரென்று தெரிந்தது. நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூக்குளத்தில் மீன்காரர் தங்குகிற கிடுகு வாடிகள் வரிசையாக இருந்தன. டயனா மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட இளையவள், சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். நாங்கள் யார் என்று கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தாள்.

பெல்ட் வெளுத்து, பச்சையா சாம்பலா என்று தெரியாமல் இருந்தது. நூல் மட்டும் சிவப்பாகவே இருந்தது. நைலோன்தானே, அதற்கு என்ன கேடு?

“இது என்ட தையல்,” என்றேன். நஜாத் என் தோளைப் பிடித்தான். அழுகை வரவில்லை.

“எங்க வெச்சிருக்கீங்க அவர?” என்று கேட்டேன்.

மணலும் காடும் சேருகிற இடத்தில், ஒரு வீரை மரத்தடியில் இருந்தது கபுறு. உடைந்த துடுப்பில் குருசு செய்து நட்டிருந்தார்கள். சுற்றிலும் உருகிய மெழுகுதிரிகள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

“இது ஆர்ர வேல? என்ட மனிசன் முஸ்லிம்! அவர்ர தலமாட்டில குருசு நடுவீங்களா? ஆரக் கேட்டு நட்டீங்க?”

டயனா பயந்துபோனாள். “தெரியாதே அக்கா. முகமும் இல்ல, பேரும் இல்ல. ஓதவும் ஆளில்ல. அநாதையாக் கிடக்கக்கூடாதெண்டு எங்கட முறைக்கு வெச்சம். ஞாயிறில வந்து ஒரு திரி கொளுத்தி, கொஞ்சம் அழுதிட்டுப் போவன். ஆரோ ஒருத்தி இவரத் தேடிக்கொண்டிருப்பாள்தானே? அவளுக்குப் பதிலா எண்டு.”

எனக்குப் பதிலாக! நான் பச்சையும் சிவப்புமாக உடுத்துக்கொண்டு வெங்காயம் பிடுங்கிய நாட்களில், என் கணவருக்கு யாரோ ஒரு பெண் அழுதிருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் செதில் ஒட்டின கை.

“எந்தப் பக்கமா வெச்சீங்க?” என்று நஜாத் மெல்லக் கேட்டான்.

“ஒரு பக்கமாச் சரிஞ்சுதான் கிடந்தார், நிமித்த ஏலல்ல. கடல்காரன்தானே, கடலப் பாக்கட்டும் எண்டு விட்டம்.”

கடல் மேற்கே இருந்தது. மையித்து முகம் பார்த்துக் கிடக்க வேண்டிய கிப்லாவும் அந்தப் பக்கம்தான். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றான் நஜாத்.

டயனாவின் புருஷன் வந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, குருசைக் கவனமாகப் பிடுங்கி எடுத்தார். விழுந்து கிடந்த வீரைக் கொப்பில் இரண்டு துண்டு எடுத்து நஜாத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டைகளாக நட்டான். யாஸீன் ஓதினான். நான் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். “எழும்புங்க மனிசன், பிந்திப்போச்சி,” என்று சொல்ல வாய் வந்தது.

புறப்படும்போது டயனா, “இனித் திரி கொளுத்தக்கூடாதா அக்கா?” என்று கேட்டாள்.

“திரி வேணாம் தங்கச்சி. சும்மா வந்து கொஞ்சம் இருங்க. அவருக்குக் கதைக்க ஆள் வேணும்,” என்றேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் கதைத்தேன். வெள்ளைச் சேலையை மாமி இன்னும் அலுமாரியில் மடித்துத்தான் வைத்திருக்கிறா. இன்றைக்குப் பொழுதுபட்டு மஃரிபோடு உடுத்துவிட வேண்டும். வடக்குப் பக்க அறையை ஒதுக்க வேண்டும். தோட்டத்தை இந்தப் போகம் யாருக்காவது விட்டுவிடலாம். “நாலு மாசமும் பத்து நாளும் ஒருத்தரும் என்னக் கூப்பிடக்கூடாது, கேட்டியா? அவருக்காக இருந்து அழப்போறன். ஆசை தீர அழப்போறன்.”

நஜாத் நாலைந்து வருடம் மதரஸாவில் ஓதினவன். சப்பாத்துப் பாலத்தின் நடுவில், தண்ணீருக்குள் வானை நிறுத்திவிட்டான்.

“ராத்தா.”

“என்னடா?”

“இத்தா… மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு. கேள்விப்பட்ட நாளில இருந்து இல்ல.” ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அவர் மே மாசம் போனவர். இப்ப ஒக்டோபர் முடியுது. இத்தா முடிஞ்சி போச்சி ராத்தா.”

நான் விரலை மடித்து மாதங்களை எண்ணினேன்.

“முடிஞ்சி போச்சா?” என்றேன். “எப்பிடிடா முடியும்? நான் இன்னும் தொடங்கவே இல்லயேடா!”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பெல்ட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு அந்தப் பாலத்தின் நடுவில் கத்திக் கத்தி அழுதேன். பின்னால் வந்த டிரக்டர்காரன் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான்.