ஏசுதாசுக்கு வேறு அறை

படூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் மார்கரெட் பதினோரு வருடம் டேட்டா என்ட்ரி பார்த்தாள். காகிதத்தில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தட்டவேண்டும், அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஏழு ஜூனில் அந்தப் பிரிவையே மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் வெப் சர்வீஸ் எழுதக் கற்றுக்கொண்டு பரீட்சையில் தேறுகிறவர்களுக்கு மேல்மாடியில் புரோகிராமர் வேலை. மற்றவர்களுக்கு அக்டோபரோடு ஒரு கும்பிடு.

முப்பத்தேழு வயதில் பரீட்சை! கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருப்போரூருக்கு ஒரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. கம்பியைப் பிடித்து நின்றபடியே ஜெராக்ஸ் எடுத்த பாடங்களைப் படித்தாள். கால் வலித்தது, கண் எரிந்தது, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்கு இங்கே இருக்கிற கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது, அதுதான் வெப் சர்வீஸ். இதைச் சொல்ல நாற்பது பக்கம் எடுத்துக்கொண்டான் அந்தப் புத்தகம் எழுதின மகராசன்.

முதல் மாதம் எதை எழுதினாலும் பிழை. இரண்டாம் மாதம் பிழை வரவில்லை, பதிலும் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து கேட்ட கேள்விக்கு அவள் எழுதிய சர்வீஸ் ஒரு வரி பதில் அனுப்பியது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்து அழுதாள். வேலை போய்விடக் கூடாதே என்ற பயத்தோடு அன்றைக்கு ஓர் ஆசையும் சேர்ந்துகொண்டது. யாரோ எழுதிக் கொடுத்ததைத் தட்டிக்கொண்டே சாகாமல், இனி தன் புத்தியால் ஒரு வேலை செய்யவேண்டும். அந்த ஆசை நாளாக நாளாகப் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

பரீட்சைக் கேள்வியை ஒரு வாரம் முன்பே கொடுத்தார்கள். மாமல்லபுரம் கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டுக்கு அறை ஒதுக்கும் சர்வீஸ் எழுதவேண்டும். விதிகள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தன. விருந்தாளியின் முதல் பெயரும் கடைசிப் பெயரும் வரும். கடைசிப் பெயர் ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம், ஒரே அறை.

எழுதி முடித்து, சோதனைக்குத் தன் வீட்டு ஆட்களையே போட்டாள். நம்மவர்களுக்கு ஏது கடைசிப் பெயர்? அந்தக் கட்டத்தில் இனிஷியலைப் போடுவது டேட்டா என்ட்ரியில் வழக்கம், கை தானாகப் போட்டது. எதிர்வீட்டு சந்திரம்மாவையும் ஒரு கணக்குக்குச் சேர்த்துக்கொண்டாள். வந்த பதிலை அச்செடுத்து அன்று சாயங்காலம் கணவனிடம் நீட்டினாள்.

ஏசுதாஸ் படித்துவிட்டு விழித்தான். ஒய். மார்கரெட்டும் மகள் ஒய். ரூத்தும் ஓர் அறை. டி. ஏசுதாசும் டி. சந்திரம்மாவும் இன்னோர் அறை.

"இன்னாடி இது? என்னைய இன்னாத்துக்கு அந்தம்மா கூட போட்டுகீற?"

"எங்க ரெண்டு பேருக்கும் இனிஷியல் உன் பேரு, ஒய். உனக்கு உங்க அப்பா பேரு, டி. சந்திரம்மாவுக்கும் டி. கம்ப்யூட்டருக்கு டி தான் தெரியுது, அது மாமா பேருன்னா தெரியுது?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாண கோஷ்டி ஒன்று வந்து இறங்கினால் எத்தனை அப்பன்கள் பிள்ளைகளை விட்டுப் போய் யார் யாரோடு படுப்பார்கள்! மறுநாள் உட்கார்ந்து மாற்றினாள். யார் யார் ஒன்றாக வருகிறார்கள் என்று ஒரு குழு எண்ணையும் சேர்த்துக் கேட்கும்படி எழுதினாள். இப்போது ஏசுதாஸ் வீட்டாரோடு சேர்ந்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளே யோசித்துச் செய்தது. பெருமையாக இருந்தது.

பரீட்சை நடத்த வந்தவன் ஹரிசங்கர், அவளைவிடப் பத்து வயது சின்னவன். பத்துக் கேள்விகளை அனுப்பினான். எல்லாம் ஸ்மித், பிரவுன் குடும்பத்துப் பெயர்கள். பத்துக்கும் பிழை என்று வந்தது.

"மேடம், குழு எண்ணுன்னு ஒண்ணு கேக்குதே?"

அச்செடுத்த தாளைக் காட்டி அவள் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க சொல்றது சரிதான். எங்க வீட்டுலயும் அப்பா தனியாத்தான் போவார். ஆனா எதைக் கேக்கணும், எதைச் சொல்லணும்னு நம்ம கம்பெனியும் அமெரிக்கா கம்பெனியும் ஒத்துக்கிட்ட பேப்பர் இது. நாம ஒரு கட்டம் சேத்தா அவங்க பக்கம் எதுவும் ஓடாது. இதை மாத்தினா நான் ஃபெயில்னுதான் போடணும். பத்து நிமிஷம் தரேன், அந்தக் கட்டத்தை எடுத்துடுங்க."

"அந்த ஹோட்டலுக்கு வரவங்க நம்ம ஜனங்கதானே சார்? அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"அதைக் கேக்குற இடத்துல நானே இல்ல மேடம்."

அவன் வெளியே போனான். எரிச்சலாக வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். ஏசுதாஸ் வேலை பார்த்த பட்டறை ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ரூத் பத்தாவது படிக்கிறாள். எழுந்து எங்கே போவது? குழு எண்ணுக்காக எழுதியது பதினேழு வரிகள்தான். ஒவ்வொன்றாக அழித்தாள். கை பழகின வேகத்தில் தட்டியது, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

ஹரிசங்கர் திரும்பி வந்து கேள்விகளை மறுபடி அனுப்பினான். பத்துக்குப் பத்து.

"பாஸ் மேடம்! திங்கக்கிழமை மேல வந்துடுங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, அமெரிக்காலேர்ந்து எழுதி அனுப்புவாங்க. நாம அதை அப்படியே செஞ்சா போதும்."

"அப்படியேவா சார்?"

"அப்படியே."

படூர் பஸ் நிறுத்தத்திலிருந்து கணவனுக்கு போன் போட்டாள். "பாஸ்" என்றதும் அவன் ரூத்தைக் கூப்பிட்டான், எதிர்வீட்டைக் கூப்பிட்டான், தெருவுக்கே சொன்னான். "என் பொண்டாட்டி புரோகிராமரு!" என்று அவன் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"இன்னாடி, உனக்கு சந்தோசமா இல்லியா?"

"சந்தோசம்தான்," என்றாள். "மாடிதான் வேற. வேல அதேதான்."