பதினேழாம் நம்பர் நடந்துகொண்டிருக்கிறது

மான்சொக் தன் கோட்டிலிருந்த சென்சாரைக் கழற்றி சுன்னிம்மிடம் நீட்டினார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா. அதன் முதுகில் ஒரு கிளிப், நெற்றியில் பதினேழு என்ற எண்.

"நீயே மாட்டிவிடும்மா. இன்னைக்கு இடது கை மேலயே தூக்க வரல."

"நேத்து எத்தனை பாட்டில் தூக்குனீங்க?"

"பாட்டில் தூக்குறது வலது கை. அதுக்கு ஒரு குறையும் இல்ல."

சுன்னிம் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டி மேல் ஏறி, சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த குளிர்காற்று ஃபேனின் கம்பிக்கூண்டில் டப்பாவை மாட்டினாள். கூண்டு எந்நேரமும் நடுங்கும். அந்த நடுக்கம் ஆபீஸ் திரையில் நடையாகத் தெரியும். இதைக் கண்டுபிடித்தவளே அவள்தான். போன குளிர்காலத்தில் கூண்டைத் துடைக்கும்போது தன் டப்பாவை மறந்துபோய் அங்கே வைத்துவிட்டாள். அந்த வாரம் சுறுசுறுப்பான தொழிலாளி என்று நோட்டீஸ் போர்டில் அவள் பெயர் வந்தது. மூன்றாம் குளிர் அறை முழுக்க ஒரு நாள் சிரித்தது.

டப்பா வந்தபோது உயிர் காக்க என்றுதான் சொன்னார்கள். பூசான் துறைமுகத்து மீன் கிடங்குகளில் தனியாக விழுந்து கிடந்தவர்கள் உண்டு. மூன்று நிமிடம் அசையாமல் இருந்தால் மணி அடிக்கும், ஆள் ஓடிவரும். மறுமாதமே யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற பட்டியல் சுவரில் ஏறியது. ஏற்கெனவே இரண்டு முறை மான்சொக்கின் பெயர் அடியில் வந்திருந்தது. முழங்கால் தேய்ந்துபோனவர், பத்துப் பெட்டி அடுக்கினால் ஒரு தடவை உட்கார வேண்டும். மூன்றாவது முறையும் அடியில் வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வெளியே போய் உட்காரலாமென்றால் வாசலில் கேமரா. அதனால் அறைக்குள்ளேயே, கானாங்கெளுத்திப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு அட்டையை விரித்து உட்காருவார். பத்து நிமிடம். பிறகு டப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டு வருவார்.

அன்றைக்கு மணி பதினொன்று இருபது. கன்டெய்னர் வந்துவிட்டதென்று சுன்னிம்மை இறக்குமிடத்துக்குக் கூப்பிட்டார்கள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் அட்டையை விரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வேளையில் அவருடைய கிண்ணம் தொடப்படாமல் இருந்தது. கடற்பாசி சூப் அவருக்கு உயிர், முதல் ஆளாக வந்து நிற்பவர்.

"மான்சொக் அண்ணன் வரலையா?" என்றாள் சுன்னிம்.

பக்கத்து மேஜையில் ஃபோர்மேன் பியோ போனைத் திறந்து காட்டினான். "மூணாம் ரூம்லதான் இருக்காரு அக்கா. பாருங்க, பதினேழு, பச்சை. நடந்துட்டே இருக்காரு. பட்டியல்ல மேல வரணும்னு வைராக்கியம் வந்துடுச்சு போல."

எல்லோரும் சிரித்தார்கள். சுன்னிம்மும் சிரித்தாள். சோறு வாயில் மணலாக இருந்தது. தூங்கிப்போயிருப்பார். பியோவிடம் சொன்னால் கூண்டு விஷயம் வெளியே வரும், இரண்டு பேர் வேலையும் போகும். சொல்லாமல் நாமே போய் எழுப்பிவிடலாம். எழுந்தால் பியோ பார்ப்பான். எல்லோரும் முடிக்கட்டும் என்று கிண்ணத்தை மெதுவாகக் காலி செய்தாள். போனில் பச்சைப் புள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் மூன்றாம் அறைக்குள் போனபோது, அவர் அட்டையில் உட்கார்ந்தபடியே பெட்டிகளில் சாய்ந்திருந்தார். வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது. புருவத்தில் பனி ஏறியிருந்தது. "அண்ணே" என்றாள். கன்னத்தைத் தட்டினாள். தட்டிய கைக்கு, காலையிலிருந்து அவள் தொட்ட பெட்டிகளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கத்த வாய் திறந்தாள். கத்தவில்லை. பெட்டி மேல் ஏறி, கூண்டிலிருந்து டப்பாவை எடுத்தாள். விறைத்த விரலுக்கு கிளிப் பிடிபடவில்லை. முதல் தடவை நழுவி அவர் மடியில் விழுந்தது. இரண்டாம் தடவை கோட்டில் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அவள் குரல் வெளியே வந்தது.

சாப்பாட்டு அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் அவரைத் தரையில் கிடத்தக் கை வைப்பதற்குள், கிடங்கு முழுக்க மணி அடிக்க ஆரம்பித்தது. பதினேழாம் நம்பர் மூன்று நிமிடமாக அசையவில்லை.

"சிஸ்டம் கரெக்டா வேலை செய்யுது" என்றான் பியோ, யாரிடமோ, வெளுத்த முகத்தோடு. பிறகு வந்த ஆம்புலன்ஸ்காரர் கையுறையைக் கழற்றியபடி, "மாரடைப்பு மாதிரி இருக்கு. ஒரு அரை மணி முன்னாடி பாத்திருந்தா" என்று தொடங்கி, இன்னும் ஓயாத மணிச் சத்தத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியோடு ஒட்டிய இழவு மண்டபத்தில், சாமந்திப் பூக்களுக்கு நடுவே மான்சொக் பழைய போட்டோவில் கறுப்பு முடியோடு இருந்தார். சுன்னிம் இரண்டு முறை விழுந்து வணங்கினாள். அவர் மனைவி ஒக்ரே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இழவுக்கு வந்தவர்களுக்கு வைக்கும் சிவப்புக் கறிச்சூப்பின் முன்னால் உட்கார வைத்தாள். பிறகு மடித்து வைத்திருந்த ஒரு தாளை விரித்தாள். பதினேழாம் நம்பர் டப்பாவின் நடைப் பதிவு, கம்பெனி கொடுத்தது. காலை எட்டிலிருந்து ஒரு பச்சைக் கோடு.

"பாரு. பன்னெண்டே கால் வரைக்கும் நடந்துட்டேதான் இருந்திருக்காரு. மூணு நிமிஷத்துல மணி அடிச்சிருக்கு. தனியா கெடந்து தவிக்கல. அது ஒண்ணுதான் எனக்கு..." மூக்கை உறிஞ்சினாள். "நீதான் மொதல்ல பாத்தியாமே. தொட்டியா?"

"தொட்டேன் அக்கா."

"கை சூடா இருந்துச்சா?"

சூப்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது. ஃபேனில் மாட்டினேன் என்று சொன்னால் அந்த மனுஷனை ஏமாற்றுக்காரனாக எழுதுவார்கள். சொல்லாவிட்டால் இந்தத் தாள்தான் உண்மை.

"சூடா இருந்துச்சு" என்றாள்.

ஒக்ரே தலையாட்டினாள். ஆள்காட்டி விரலைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து மெல்ல நகர்த்தினாள். பத்து மணி. பதினொன்று. பதினொன்று இருபதைத் தாண்டி விரல் எங்கும் நிற்காமல் போனது. முனைக்கு வந்ததும், திரும்பவும் எட்டு மணியிலிருந்து.